சோகாமேளரின் மகன்

ராஜாவுக்குப் பிள்ளை பிறந்தால் பாட்டு உண்டு, கல்வெட்டு உண்டு. செத்த மாட்டை இழுத்துப் போட்டவனுக்குப் பிள்ளை பிறந்தபோது அவன் என்ன நினைத்தான்? அந்தப் பிள்ளைமேல் என்ன ஆசை வைத்தான்? எம்.ஏ. தமிழில் நான் படித்த இடைக்கால இலக்கியத்தில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

பதில் மராட்டியத்தில் இருந்தது. பண்டரிபுரத்துக்குப் பக்கத்தில் மங்கள்வேடா. அந்த ஊர் மகார், சோகாமேளர். செத்த மாட்டை அப்புறப்படுத்தணும், ஊர் ஏவுகிற வேலையெல்லாம் செய்யணும், எச்சில் சோற்றைத் தின்னணும். மகாருக்கு ஊர் விதித்த வாழ்வு இது. விட்டலனைப் பாடிய அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. 1338இல் சுவர் கட்டும் வேலையில் சுவர் இடிந்து விழுந்து செத்தார் என்பார்கள். சமாதிகூடக் கோயில் படிக்கட்டுக்குக் கீழேதான்.

மனைவி சோயராபாய், சகோதரி நிர்மளா, மைத்துனர் பங்கா, மகன் கர்மமேளா எல்லோரும் பாடியிருக்கிறார்கள். மகனுக்குக் கொடுக்க அந்தத் தகப்பனிடம் என்ன இருந்தது? பாட்டு இருந்தது. அதைக் கொடுத்தார். தனக்குத் திறக்காத கதவு மகனுக்காவது திறக்கும் என்று நம்பியிருப்பார் என்றுதான் எனக்குப் படுகிறது.

தகப்பன் சில பாடல்களில் தன் பிறப்பை முன்வினை என்று ஏற்றுக்கொள்கிறார். மகன் ஏற்கவில்லை. எங்களை ஏன் இப்படிப் படைத்தாய், எச்சில் தின்ன வைத்தது யார் என்று சாமியிடமே கணக்குக் கேட்கிறான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் பண்ணையடிமை தன் மகனைப் பள்ளிக்கு அனுப்பப் பிரபுவிடம் அனுமதி வாங்கணும், அதற்குப் பணம் கட்டணும். 1406இல் யாரும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று சட்டம் வந்தது. அங்கே ஏழைத் தகப்பனின் ஆசைக்கு விலை வைத்திருந்தார்கள். இங்கே விலை கொடுத்தாலும் கிடையாது. பிறப்பை எந்தக் காசு கொடுத்து மாற்றுவது?

எங்கப்பா வெட்டியான். சாவுக்கு மேளம், மாடு செத்தால் கயிறு. நான் பத்தாவது படிக்கும்போது ஊர்த்தெருப் பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஒம் மவன் படிச்சிட்டா நாளைக்கி மாட்ட யார்றா எடுப்பா?" அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பையன் படிக்கிறான் சாமி" என்றார். அவ்வளவுதான். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும், "நீ மோளத்தத் தொடாதடா" என்றார்.

பண்டரிபுரத்துக் கதவு தலித்துகளுக்குத் திறந்தது 1947இல், சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பிறகு. சோகாமேளர் செத்து 600 வருசத்துக்கு மேல். கோயிலுக்குள் போவதுதான் விடுதலை என்று சொல்ல வரவில்லை. ஒரு தகப்பனின் ஆசையை எத்தனை தலைமுறை காக்க வைத்தார்கள் என்று பாருங்கள்.

1948இல் வந்த, தீண்டப்படாதோர் பற்றிய தன் நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கினார். பணிந்து நின்றவர்கள் என்று அவர் யாரையும் தள்ளவில்லை.

நம் கூட்டங்களில் தோழர்கள் சிலர் நம் அப்பாக்களை அடிமைப் புத்திக்காரர்கள் என்று பேசுகிறார்கள். அந்தத் தகப்பன் பாட்டைக் கொடுக்காமல் போயிருந்தால், கர்மமேளா எந்த வாயால் கணக்குக் கேட்டிருப்பான்?