எம் இல்லத்துக் கடனேடு

கடன் என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டென்பதைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். செய்தே தீரவேண்டிய முறைமையும் கடன். பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன். புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வகுத்துரைப்பது முன்னது. எம் தந்தையார் 2020ஆம் ஆண்டில் பட்டது பின்னது. பின்னதைத் தீர்க்க முற்பட்டபோது முன்னது எவ்வாறு குறுக்கே வந்து நின்றதென்பதை ஈண்டு எழுதப் புகுகின்றோம். நம் கல்லூரி நண்பர் பலர் இல்லங்களிலும் இத்தகைய கணக்கு உண்டு. அதனை வாய்விட்டுப் பேசுவாரே அரியர். தந்தையாரின் இசைவு பெற்றே யாம் எழுதுகின்றோம்.

எம் தந்தையார் ஏரல் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். தையற்காரருக்கு ஆண்டு முழுதும் ஒரே வருவாய் இல்லை. பள்ளி திறக்கும் நாளில் சீருடையும், கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக் காலத்தில் புத்தாடையுமே அவருக்கு அறுவடை. 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் அவ்வாண்டுச் சீருடை ஒன்றேனும் தைக்கப்படவில்லை. அதே ஆண்டில் பாட்டியாரின் நோயும் சேர்ந்துகொண்டது. பாட்டியார் பிழைத்தெழுந்தார், கடனும் உடன் எழுந்தது.

2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஓரிரவு, வணிகவியல் பயின்றுகொண்டிருந்த எம் தமக்கையார் ஒரு குறிப்பேட்டை விரித்து, வீட்டுக் கடன் அனைத்தையும் ஒரே பக்கத்தில் எழுதவேண்டுமெனப் பிடிவாதமாய் நின்றார். எளிதாய் முடியுமென எண்ணிய அவ்வேலை நள்ளிரவுவரை நீண்டது. காரணம், கணக்கின் கடுமையன்று. ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை மற்றவரிடம் மறைத்திருந்ததே. தனியார் ஒருவரிடம் வாங்கிய 40,000 ரூபாயைத் தந்தையார் "இரண்டு வட்டி" என்றே அன்னையாரிடம் சொல்லியிருந்தார். அது ஐந்து வட்டி. அன்னையாரோ மளிகைக் கடையில் 6,400 ரூபாய் பற்று இருப்பதைத் தந்தையாரிடம் சொல்லவேயில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சினங்கொள்வரென அஞ்சினோம். அவ்வாறு நிகழவில்லை. "நீங்களும் தனியாகத்தான் சுமந்தீர்களா?" என்று மட்டும் அன்னையார் கேட்டார்.

எழுதி முடித்த பக்கம் இது. தனியாரிடம் 40,000, அடகுக் கடையில் அன்னையாரின் ஐந்து சவரன் சங்கிலியின்மேல் 90,000, இரண்டு வட்டிக்கு, தையல் இயந்திரத்தின் எஞ்சிய தவணை பன்னிரண்டு, திங்கள் ஒன்றுக்கு 1,550ஆக 18,600, மளிகைப் பற்று 6,400, எம் சபையைச் சேர்ந்த ஒரு பெரியம்மாள் வட்டியின்றிக் கைமாற்றாய்த் தந்தது 25,000. ஆகக்கூடி 1,80,000 ரூபாய்.

அக்கணக்கிலே எம்மைத் திடுக்கிடச் செய்தவை இரண்டு. ஐந்து வட்டி என்பது காதுக்குச் சிறிது. ஆண்டிற்கு நூற்றுக்கு அறுபது என்று எழுதினாலே அதன் உருவம் தெரியும். 20 மாதங்களில் அவருக்கு வட்டியாகவே 40,000 ரூபாய் போயிருந்தது. அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. இத்தகைய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆயினும் வெற்றுத்தாளிற் கையொப்பமிட்டுக் கொடுத்த மனிதருக்கு அச்சட்டம் நெடுந்தொலைவில் இருப்பதுபோலத் தோன்றுகின்றது.

மற்றொன்று தையல் இயந்திரம். அதன் விலை 30,000. "நூற்றுக்குப் பன்னிரண்டுதான்" என்று சொல்லி விற்றனர். இரண்டாண்டிற்கு வட்டி 7,200 சேர்த்து, 24 தவணையாய்ப் பகுத்தால் 1,550 வருகின்றது. கணக்கிற் பிழையில்லை; சூது வேறிடத்தில் உள்ளது. திங்கள்தோறும் அசல் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முதல்நாள் முழுத்தொகைக்கே போடப்பட்டிருக்கின்றது. குறைந்துவரும் அசலுக்கு வட்டி கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு ஏறத்தாழ இருபத்தொன்றரையாய் விடுகின்றது. தவணைக்குப் பொருள் வாங்கும் நண்பர்கள், "வட்டி எவ்வளவு?" என்று கேட்பதோடு நில்லாமல், "எந்தத் தொகைக்கு?" என்றுங் கேட்பது நலம்.

வீட்டுச் செலவு போகத் திங்களுக்கு 9,000 ரூபாய் கடனுக்கென ஒதுக்கலாமெனத் தமக்கையார் கண்டார். அவர் மாலைப்பொழுதில் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லி ஈட்டியதும் அதில் அடங்கும். ஆனால் வட்டிக்கே 3,800 போயிற்று. எனவே தீர்ப்பதற்கு முன் கடனை இடம் மாற்றவேண்டும் என்றார்.

மாற்றிய இடம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம். இச்சங்கங்களின் வரலாறு அறியத்தக்கது. செருமனி நாட்டிலே ராய்பைசன் என்னும் ஊர்த்தலைவர் 1864ஆம் ஆண்டில் எடஸ்டார்பு என்னுமிடத்தில் ஏழை உழவர் தமக்குள் கடன் கொடுத்து வாங்கும் சங்கத்தை நிறுவினார். சென்னை அரசாங்கத்தின் ஏவலால் அம்முறையை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் 1895ஆம் ஆண்டு முதலாக அறிக்கை வெளியிட்டார். அதன்பின் 1904ஆம் ஆண்டில் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. எம் ஊர்ச் சங்கத்தின் பழைய மரமேசைக்கு முன் வரிசையில் நின்றபோது இச்செய்தி ஒன்றும் எமக்குத் தெரியாது. மின்விசிறி சுழலவில்லை என்பதே தெரிந்தது.

அங்கே நகைக்கு ஆண்டு வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டு. குறைந்துவரும் அசலுக்கே கணக்கு. இடர் என்னவெனில், சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. மீட்காமல் மாற்றுதல் இயலாது. மாமா ஒரு நாளைக்கென்று 90,000 ரூபாய் கொண்டுவந்தார். "அக்காள், இதை விற்றுவிட்டால் இன்றைக்கே எல்லாம் தீர்ந்துபோகுமே" என்றும் அவர் சொன்னார். அவர் கூற்றுப் பொய்யன்று; அந்நாளில் சவரன் 38,000 ரூபாயை ஒட்டி விற்றது. அன்னையார் விடையிறுக்கவில்லை, சங்கிலி எம் தமக்கையாரின் திருமணத்திற்கென வைத்தது. காலையில் சங்கிலியை மீட்டு, நண்பகலில் சங்கத்தில் 1,30,000க்கு வைத்து, மாமாவின் பணத்தை அவர் கையிற் கொடுத்து, மாலையில் ஐந்து வட்டிக்காரரின் 40,000ஐத் தந்தையார் தீர்த்துவிட்டு வந்தார். கையொப்பமிட்ட தாளையும் வாங்கி வந்தார். மொத்தக் கடன் அன்று ஒரு ரூபாயும் குறையவில்லை, அதே 1,80,000தான். வட்டி மட்டும் 3,800இலிருந்து 1,300ஆயிற்று.

இதனிடையே ஒன்று சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டு மார்ச்சு 31 வரை கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து சவரனுக்குட்பட்டு வைத்த நகைக்கடனைத் தகுதியுடையார்க்குத் தமிழ்நாட்டு அரசு தள்ளுபடி செய்தது. எம் சங்கிலி அந்நாளில் தனியார் கடையில் உறங்கிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லித் தந்தையாரை நகைப்பது இப்போது எம் வீட்டு வழக்கம். அப்போது எவரும் நகைக்கவில்லை.

இனி வந்ததே உண்மையான வழக்கு. எதனை முதலில் தீர்ப்பது? வட்டி மிகுந்ததை முதலில் அடைத்து, வட்டியில்லாததைக் கடைசியில் வைப்பதே கணக்கு நூலார் காட்டும் நெறி. தமக்கையார் அவ்வாறே ஒரு திட்டம் வரைந்தார். மளிகைப் பற்று முதலில், இயந்திரத் தவணை அதன் போக்கில், மீதமெல்லாம் சங்கத்திற்கு, பெரியம்மாளுக்கு இறுதி மூன்று நான்கு மாதங்களில். 22 மாதத்தில் எல்லாம் முடியும். அன்னையார் அதனை ஏற்கவில்லை.

"பெரியம்மாளுக்கு முதலில் கொடுக்கவேண்டும்."

"அம்மா, அவர்கள் வட்டியும் கேட்கவில்லை, பணத்தையும் கேட்கவில்லையே. முதலில் கொடுத்தால் நமக்குச் சங்கத்தில் 4,700 ரூபாய் வட்டி கூடுமே."

"கேட்கவில்லை என்பதால்தான் முதலில்."

அந்தப் பெரியம்மாள் பாலர் பள்ளியொன்றில் ஆயாவாய் இருந்து ஓய்ந்தவர், கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. அவருடைய 25,000 ரூபாய் எத்தனை ஆண்டுச் சேமிப்பென்று யாம் அறியோம். இரண்டாண்டாக எம் தந்தையார் ஆலயத்திற் கடைசி வரிசையில் அமர்ந்து, இறுதிப் பாட்டு எழும்போதே வெளியேறிவிடுவார். பெரியம்மாளைக் கண்டு அஞ்சியன்று, அவர் கண்டும் ஒன்றுங் கேளாமல், "பிள்ளைகள் சுகமா?" என்று வினவுவாரே, அதற்கு அஞ்சி. வட்டி கேட்பவரை நோக்கி வாதாடலாம். நலம் கேட்பவரிடம் என்ன வாதம் செய்வது?

தமக்கையாரின் கட்சியையும் யாம் எளிதில் ஒதுக்கமாட்டோம். 4,700 ரூபாய் எம் வீட்டில் இருவார உணவு. சங்கத்திற்கு அசல் சுணங்கினால் சங்கிலிக்கும் கேடு உண்டு. ஆயினும் வட்டி ஒன்றையே நோக்கிக் கடனை வரிசைப்படுத்தினால், எம்மை நம்பாமல் தாளும் பொன்னும் பெற்றுக்கொண்டவர் முன்வரிசையிலும், நம்பிப் பொருள் தந்தவர் பின்வரிசையிலும் நிற்கின்றனர். வட்டியில்லாமைக்கு நாம் அளிக்கும் பரிசு காத்திருத்தல் என்றாகின்றது. அன்னையார் இதனை இவ்வாறு விரித்துச் சொல்லவில்லை. "அது கடன் மட்டுமில்லை" என்றார். தந்தையார் அன்னையார் பக்கம் சேர்ந்தார். தமக்கையார் திட்டத்தை மாற்றி எழுதினார். 22 மாதம் 23 ஆயிற்று.

1922இலோ 1822இலோ வரைந்த திட்டமாயினும் பருவத்தொழிலுக்கு ஒன்றே இடையூறு: பணம் எல்லாத் திங்களிலும் ஒருபடியாய் வாராது. ஜூனிலும் டிசம்பரிலும் மிகுந்து வந்ததை அஞ்சலகச் சேமிப்பில் இட்டு, வேலை மெலிந்த மாதங்களில் எடுத்து 9,000ஐ நிரப்பினோம். ஆகஸ்டில் ஒருமுறை ஈர்க்குச்சி அளவே மீதமிருந்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியம்மாளின் கடைசி 650 ரூபாயை அன்னையார் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் எண்ணிப் பார்க்கவில்லையாம். அப்பணத்தை என் செய்தாரென யாம் கேட்டதில்லை. அதற்கடுத்த ஞாயிறுமுதல் தந்தையார் ஆராதனை முடியும்வரை இருக்கின்றார். கடைசி வரிசையை மட்டும் விடவில்லை. காற்று நன்றாக வருகின்றதாம்.

2023ஆம் ஆண்டு நவம்பர்த் தவணையோடு சங்கக் கடன் 44,821 ரூபாயாய்க் குறைந்தது. டிசம்பர் 17, 18 நாட்களில் பெருமழை. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்றிமீற்றர் பெய்தது. தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் கடைத்தெரு நீரில் மூழ்கியது. தந்தையாரின் கடையில் மார்பளவு வெள்ளம். இயந்திர மோட்டார் பழுதுற்றது. பண்டிகைக்கெனப் பிறர் கொடுத்திருந்த துணிகள் சேற்றில் ஊறின. அரசு நிவாரணமாய் வந்த 6,000 ரூபாயோடு கையிலிருந்ததையுஞ் சேர்த்து, துணி கெட்டுப்போனவர்க்கெல்லாம் புதுத்துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தார். "வெள்ளம் செய்ததற்கு நீர் என்ன செய்வீர்?" என்று சிலர் வாங்க மறுத்தனர், அவர்கட்குத் தையற்கூலி வாங்காமல் விட்டார். டிசம்பர், ஜனவரித் தவணைகள் கட்டப்படவில்லை. அவ்வாரத்தில் சேற்றைக் கடந்து கையில் ரொக்கத்தோடு வந்தவர் ஒருவரே. பழைய ஐந்து வட்டிக்காரர். 20,000 தரச் சித்தமாயிருந்தார். நாளை சொல்வதாகத் தந்தையார் சொன்னார். மறுநாள் கடைக்கே போகவில்லை.

தமக்கையார் திட்டத்தைக் கிழிக்கவில்லை. சங்கச் செயலரிடம் சென்று நிலைமையைச் சொன்னார். இரு மாத வட்டி ஏறுவதன்றி வேறு கேடில்லை என்றறிந்தார். பிப்ரவரி முதல் நான்கு மாதம் 6,000 வீதமும், ஜூன் முதல் பழையபடி 9,000 வீதமும் என்று புதுப்பக்கம் எழுதினார். ஆகஸ்டில் 5,634 ரூபாய் கட்டிச் சங்கிலியைப் பெற்றோம். குறித்த நாளுக்கு மூன்று மாதம் பின்னதாய் முடிந்தது. சவரன் அப்போது ஐம்பதாயிரத்தைக் கடந்திருந்தமையால், விற்காதது எவ்வளவு நன்மை என மாமாவே வியந்தார். அது எம் திட்டத்தின் திறமையன்று. விலை இறங்கியிருப்பின் மாமாவே அறிவாளியாய் இருந்திருப்பார்.

பெரியம்மாளை முன்னிறுத்தியமையால் மிகுந்த அந்த 4,700 ரூபாய் குறிப்பேட்டில் வட்டி என்னுந் தலைப்பின்கீழ் உள்ளது. அதனை வேறு தலைப்பில் எழுதவேண்டுமென யாம் பன்முறை வேண்டியும், கணக்கில் அதற்கு வேறு தலைப்பு இல்லை என்று தமக்கையார் மறுத்துவிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் பழுதுற்ற மோட்டாருக்குப் பதில் புதியது வாங்கினோம். விலை 4,200 ரூபாய். கடைக்காரர் தவணை அட்டையை எடுத்தார். தந்தையார் சட்டைப்பையிலிருந்து ரொக்கத்தை எடுத்து, இருமுறை எண்ணிக் கொடுத்தார்.