வடைக்கு இரு மொழி

வெயில் தாழ்ந்த வேளையிற் கொட்டாஞ்சேனையிலிருந்து எமது உலா தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை வணங்கி வெளியே வந்தபோது, தள்ளுவண்டிலொன்றிற் கடலை தாளிக்கும் மணம் எம்மை மறித்தது. அவித்த கடலையுடன் செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்துக் கடதாசிச் சுருளிற் சுடச்சுடத் தந்தார் வண்டிற்காரர்.

அதனைக் கொறித்தபடி பஸ் ஏறிக் காலிமுகத்திடலில் இறங்கினோம். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் நிறைவுற்ற கடலோர உலாவீதி அது. அங்கே பெயர்பெற்றது இஸ்ஸோ வடை. ஊறிய பருப்பை அரைத்துத் தட்டி, ஓடு களையாத இறாலை மேலே பதித்துப் பொரிக்கின்றனர். கோயிலுக்குச் சென்ற நாளாதலால் எம்முள் மூத்தவர் வெறும் பருப்பு வடையோடு நின்றுகொண்டார். ‘இஸ்ஸோ’ என்பது சிங்களத்தில் இறால், வடையோ தமிழ். இரு மொழிகளும் ஒரே எண்ணெயில் வெந்து ஒரு பெயராகிவிட்டன.

வெள்ளவத்தையை அடைகையில் இருட்டிவிட்டது. 1983 யூலைக் கலவரத்தில் தமிழர் கடைகள் பல எரிந்த இடம் இது. இன்று காலி வீதியோரத்தில் உழுந்து வடை பொரிகிறது. சிங்களத் தாயொருவர் தம் மகனுக்காக இரண்டு ‘வடே’ கேட்டார். கடைக்காரர் சிங்களத்திலேயே விலை கூறி, சம்பலைச் சற்றுத் தாராளமாக வைத்துக் கொடுத்தார்.

கடைகளை எரித்த தீயினால் அந்தச் சொல்லை எரிக்க முடியவில்லை. கொழும்புக்கு வரும் அன்பர்கள் இம்மூன்றையும் ஒரே மாலையில் உண்டு பார்ப்பாராக.