பகையாளி வீட்டு மாடு

பிரசங்கங்களில் விலங்குகள் பெரும்பாலும் வேறொன்றைக் குறிக்கத்தான் வருகின்றன. ஆட்டுக்குட்டி என்றால் கிறிஸ்து, சிங்கம் என்றால் யூதா கோத்திரம், சர்ப்பம் என்றால் சோதனைக்காரன். தவறில்லை, வேதமே அப்படிப் பேசுகிறது. ஆனால் அதே வேதத்தில் எதையும் குறிக்காமல், வெறும் மாடாக, வெறும் கழுதையாக, பசியும் களைப்புமாய் நிற்கும் உயிர்களும் இருக்கின்றன. என் விசுவாசத்தை வளர்த்தவை அவைதான். அதிலும் யாத்திராகமம் 23-ஆம் அதிகாரத்தின் 4, 5 வசனங்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டவன்.

உன் பகையாளியின் மாடோ கழுதையோ வழிதப்பித் திரிந்தால் அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு. உன்னை வெறுக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் பாராததுபோல் போய்விடாமல், அவனோடு சேர்ந்து அதைத் தூக்கிவிடு. அவ்வளவுதான் அந்தச் சட்டம். அதைப் படித்து அறிவதற்கு முன்பே நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு. ஒரே ஆலயத்துக்குத்தான் போவார்கள்; ஒருவர் இந்த வாசல், மற்றவர் அந்த வாசல். திருவிருந்து நாளில்கூட ஒருவர் முழங்காலிட்டு எழுந்து வந்த பிறகுதான் மற்றவர் முன்னால் போவார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால ஆராதனைக்கு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது பெரியம்மா ஓடிவந்தாள். அப்பாவிடம் பேச்சு இல்லாததால் வாசலில் நின்றபடி என்னைத்தான் கூப்பிட்டாள். "ஏ ஐயா, செனமாடு வாய்க்கால்ல எறங்கிட்டுய்யா. பெரியப்பா ஊர்ல இல்லய்யா."

எனக்குக் கால் நகரவில்லை. அந்த வீட்டு மாடு என்பதுதான் மனதில் நின்றது. அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஏல, கயித்தயும் மம்பட்டியயும் எடு" என்றார்.

மாடு வயிறுவரை சேற்றில் இறங்கிக் கிடந்தது. நான் கொம்பைப் பிடித்து இழுக்கப் போனேன், அப்பா விடவில்லை. முதலில் ஒவ்வொரு காலையும் சுற்றிச் சேற்றை வெட்டி எடுத்தார். சேறு காலைக் கவ்விப் பிடித்திருக்கும்போது இழுத்தால் கால் ஒடிந்துவிடும் என்றார். பிறகு முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிக் கயிற்றைக் கொடுத்து, கயிறு தோலை அறுக்காமல் இருக்கச் சாக்கை மடித்து வைத்தார். குளம்புக்கு அடியில் வைக்கோலும் பனைமட்டையும் திணித்தோம். இருட்டும் நேரத்தில் பெரியப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே ஓடிவந்து, ஒன்றும் கேட்காமல் கயிற்றின் அடுத்த முனையைப் பிடித்தார். "இழு", "விடு", "பைய" என்ற மூன்று சொற்களைத் தவிர அண்ணனும் தம்பியும் அன்று வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. மாடு கரையேறியது. பத்து நாளில் கன்று போட்டது. சீம்பால் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பேச்சு திரும்ப அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஆயிற்று. சர்வேயர் வந்து அளந்த பிறகுதான் வரப்பு விவகாரம் தீர்ந்தது. ஆனால் சங்கிலி பிடிக்க இரண்டு பேரும் ஒன்றாக வயலில் இறங்கினார்களே, அதற்கான வழியை அந்த மாடுதான் திறந்துவிட்டது.

பின்னாளில் இந்தச் சட்டம் உபாகமம் 22-லும் வருவதைக் கவனித்தேன். அங்கே அது சகோதரனின் மாடு. யாத்திராகமத்தில் பகையாளியின் மாடு. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே ஆள். பகையாளியை மன்னித்துவிட்டுப் பிறகு அவன் மாட்டைத் தூக்கு என்று வேதம் சொல்லவில்லை. மனம் மாறும்வரை மாடு சேற்றில் கிடக்க முடியாதல்லவா? முதலில் மாடு. அதைத் தூக்கக் குனியும்போது அவனும் பக்கத்தில் குனிந்திருப்பான். மனிதருக்குள் சமாதானம் உண்டாக்க இதைவிட நல்ல வழியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

வாயில்லா ஜீவனுக்கு நம் வழக்கு தெரியாது. அதனால்தானோ என்னவோ, நியாயப்பிரமாணம் அதற்குத் தனியாக இடம் வைத்திருக்கிறது. ஓய்வுநாள் வேலைக்காரனுக்கு மட்டுமல்ல, மாட்டுக்கும் கழுதைக்கும் உண்டு. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தைப் பவுல் ஊழியருக்கு உரிய கூலியைப் பற்றிப் பேச எடுத்துக்கொள்கிறார். எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் களத்தில் நிற்கும் மாட்டுக்கு அந்தச் சட்டம் முதலில் பலித்தால்தான் ஊழியருக்கும் பலிக்கும் என்பது என் எண்ணம். ஓய்வுநாளில் குழியில் விழுந்த மாட்டை உடனே தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்டபோது, எதிரே இருந்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆராதனைக்குப் போகாததைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் வராததற்கு லூக்கா எழுதிவைத்த அந்தக் கேள்விதான் காரணம்.

எண்ணாகமம் 22-இல் பிலேயாமின் கழுதை, உருவின பட்டயத்தோடு வழியில் நிற்கும் தூதனைப் பார்க்கிறது, தீர்க்கதரிசிக்குத் தெரியவில்லை. வயலுக்குள் விலகியதற்கு ஓர் அடி. திராட்சத்தோட்டச் சுவர்களுக்கு நடுவே ஒதுங்கியபோது அவன் கால் நசுங்கியதற்கு இன்னோர் அடி. விலக இடமே இல்லாத இடுக்கில் படுத்துவிட்டதற்கு மூன்றாவது அடி. கடைசியில் அவன் கண்ணும் திறக்கிறது. தூதன் முதலில் கேட்பது அவன் பயணத்தைப் பற்றி அல்ல. கழுதையை ஏன் மூன்று தரம் அடித்தாய் என்றுதான். அது விலகியிராவிட்டால் உன்னைக் கொன்று அதை உயிரோடு விட்டிருப்பேன் என்றும் சொல்கிறான். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

எனக்கும் பேச்சு நின்றுபோன உறவுகள் உண்டு. அப்படிப்பட்ட நேரங்களில் மன்னிக்க முடியுமா என்று நான் முதலில் என்னைக் கேட்டுக்கொள்வதில்லை. அது பெரிய கேள்வி. இந்தச் சண்டைக்கு நடுவே சுமையோடு விழுந்து கிடப்பது யார் என்று பார்க்கிறேன். சில நேரம் அது ஒரு குழந்தையாக இருக்கும், சில நேரம் வயதான ஒருவராக. அங்கிருந்து தொடங்க முடிகிறது.

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோவாவின் பேழையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வெள்ளம் வடிந்தபின் கடவுள் செய்த உடன்படிக்கை பறவைகளோடும் மிருகங்களோடும் கூடத்தான் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். யோனாவை மீன் வயிற்றோடு விட்டுவிடாதீர்கள். நினிவேயின் லட்சத்து இருபதினாயிரம் பேருக்காகவும் அங்கிருந்த திரளான மிருகங்களுக்காகவும் கடவுள் பரிதபிக்கும் கேள்வியோடுதான் அந்தப் புத்தகம் முடிகிறது. யாத்திராகமம் 23-ஐ வாசிக்கும் நாளில், மாடு ஆடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்து, முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.