அறப்பள்ளியும் காமன் விழாவும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், ஐயாறு ஆகாயகங்கை அருவியாய் வீழும் இடத்துக்கு அருகே அமைந்த அறப்பளீசுவரர் கோயில் ஆடிப் பதினெட்டில் திரளும் கூட்டத்தால் பெரிதும் அறியப்பட்டது. ஆயினும், வசந்த காலத்துக்குரிய காதல் தெய்வமான காமனுடைய வில்லையும் அம்பையும் படையையும் வரிசைப்படுத்திச் சொல்லும் தமிழ்ச் செய்யுள்கள் சில இக்கோயில் இறைவனை விளித்தே பாடப்பட்டுள்ளன. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம், சதுரகிரி என்றும் பெயர் பெற்ற இம்மலையின் இறைவனைப் பாட்டுதோறும் அழைத்து உலகியலையும் நீதியையும் கூறும் நூல். அதில் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலர்கள் காமனின் கணைகளாகவும், கரும்பு வில்லாகவும், வண்டின் நிரை நாணாகவும், தென்றல் தேராகவும், கிளிகள் குதிரைகளாகவும் சொல்லப்படுகின்றன. காமனை எரித்தவன் சிவன் என்பது புராணம். எரித்தவன் திருமுன்னரே எரிந்தவனின் பெருமையை விரித்துரைப்பதில் புலவர்க்குத் தயக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை; காமன் விழாவின் உட்பொருளும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

சூரபதுமனால் துன்புற்ற தேவர்கள், யோகத்தில் அமர்ந்த சிவனுக்கு உமையின்பால் விருப்பம் தோன்றி ஒரு மைந்தன் பிறக்க வேண்டுமென்று காமனை ஏவினர் என்றும், நெற்றிக்கண் விழித்தபோது அவன் சாம்பலானான் என்றும், அவன் மனைவி இரதி அழுது முறையிட்டதால் அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படுபவனாக மீண்டும் உயிர் பெற்றான் என்றும் கந்தபுராணம் கூறும். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களாகிய அட்டவீரட்டங்களுள், மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள திருக்குறுக்கை இந்நிகழ்ச்சிக்கு உரியது. வடநாட்டில் பங்குனி மாதத்து முழுநிலவில் எரியும் ஹோலித் தீக்கு ஹோலிகை, பிரகலாதன் கதையே பெரிதும் காரணமாகச் சொல்லப்பட, தென்னாட்டில் அத்தீ காமனுடையதாயிற்று.

காமன் வழிபாடு தமிழகத்துக்குப் பிற்காலத்தில் வந்ததன்று. கலித்தொகையின் பாலைப் பகுதி, வில்லவன் விழா எனக் காமனுக்குரிய வேனில் விழாவைக் குறிக்கிறது. சிலப்பதிகாரத்தில், பிரிந்த கணவனோடு கூடுவதற்காகப் புகாரின் இரு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டம் தொழுமாறு தோழி தேவந்தி கண்ணகிக்குக் கூற, அது தனக்குப் பெருமையன்று என அவள் மறுக்கிறாள். ஆண்டாளோ நாச்சியார் திருமொழியில், கண்ணனை அடையும் பொருட்டுத் தையிலும் மாசியிலும் காமனை நோற்கிறாள். தொழுதவரும் மறுத்தவரும் பெண்கள் என்பதும், இருவர்க்கும் பிரிவே துயர் என்பதும் எண்ணத்தக்கன. ஆகவே இவ்விழாவை வெறும் களியாட்டமாகவோ, காமத்தை வென்ற வெற்றி விழாவாகவோ மட்டும் கொள்வது பொருந்தாது. இதன் நடுவில் நிற்பவள் இரதி.

இன்றும் தமிழகத்தின் சில ஊர்களில் மாசி அமாவாசைக்குப் பின் வளர்பிறையில் கரும்பும் ஆமணக்குக் கொம்பும் வைக்கோலும் சேர்த்துக் கட்டிக் காமனை நடுவார்கள். முழுநிலவை ஒட்டி அதற்குத் தீ மூட்டுவார்கள். தமிழ்க் காலக் கணக்கில் இளவேனில் சித்திரை வைகாசிக்கு உரியதாயினும், பனி நீங்கும் தறுவாயிலேயே விழா தொடங்கிவிடுகிறது. தஞ்சை மராத்தியர் காலத்தில் வேரூன்றிய லாவணி என்னும் வாதப் பாட்டு இதன் உயிர்ப்பான உறுப்பு: காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மற்றொரு கட்சியும், டேப் என்னும் தோற்கருவியைத் தட்டியபடி விடிய விடிய எதிரெதிரே பாடும். எரிந்த கட்சிக்குச் சாம்பல் சான்று. எரியாத கட்சிக்கு மீண்டும் பெய்யும் மழையும் காதலும் பிள்ளைப்பேறும் சான்று. ஊர் மக்கள் இரண்டையும் ஒரே ஆர்வத்தோடு கேட்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலையகத்துக்குத் தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழர் இதனைக் காமன் கூத்தாகக் கொண்டு சென்றனர். ஆண்களே மதனாகிய காமனாகவும் இரதியாகவும் வேடம் புனைந்து, தப்பு என்னும் பறையின் முழக்கத்தோடு தொழிலாளரின் லயன் வீடுகளின் முன் ஆடி வருவர். கணவன் புறப்படுகையில் தீக்கனவு கண்டு தடுக்கும் இரதியின் பாடலும், பின் அவள் புலம்பலும் அக்கூத்தில் நெடுநேரம் நிகழும். காடழித்துத் தோட்டமாக்கும் வேலையில் உற்றாரை இழந்தவர்களுக்கு அப்புலம்பல் புராணத்தோடு நின்றிருக்க முடியாது.