மீட்டர் சொல்லாத கிலோமீட்டர்

சென்னை 200 அடிச் சாலையில் ரெட்டேரியைத் தாண்டினால் பழைய கார் விற்கும் இடங்கள் கண்ணில் படத் தொடங்கும். தகரக் கூரை, ஜல்லி கொட்டிய தரை, குறுக்கே கட்டிய கலர் கொடிகள், முன் கண்ணாடியில் பெரிதாக எழுதிய ஆண்டு. காலையிலேயே எல்லா வண்டிகளையும் கழுவித் துடைத்து நிறுத்தியிருக்கிறார்கள். டயருக்குக்கூடக் கறுப்பு பாலிஷ்.

என்னுடன் தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். வாங்கப்போவது அவர்கள்தான். மாப்பிள்ளையின் அப்பாவை வாரம்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். ஆட்டோவில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை. சீட்டுப் பணமும் சேமிப்புமாகச் சேர்ந்தது நாலரை லட்சம் ரூபாய். துணைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக். புதுப்பேட்டையில் தொழில் கற்றவர், இப்போது தாம்பரம் பக்கம் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார். நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொண்டுவந்தது ஒரு டார்ச், ஒரு பழந்துணி, பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி.

மீட்டரில் 48,000

முதலில் காட்டியது 2017-ஆம் ஆண்டு வெள்ளை நிற ஹேட்ச்பேக். மீட்டர் 48,000 கிலோமீட்டர் காட்டியது. "சிங்கிள் ஓனர் சார். ஆபீசுக்குப் போய்ட்டு வந்த வண்டி. கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார் விற்பனையாளர். தங்கை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

அண்ணன் மீட்டர் பக்கமே பார்க்கவில்லை. குனிந்து பிரேக் பெடலுக்கு டார்ச் அடித்தார். ரப்பரின் வரிகள் ஓரத்தில் மழுங்கியிருந்தன. ஸ்டியரிங்கின் மேல்பாகம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஏறி இறங்கும் பக்கம் சீட்டின் விளிம்பு அமுங்கி நுரை தளர்ந்திருந்தது. "அம்பதாயிரத்துல இவ்வளவு தேயாது தம்பி" என்றார். பிறகு டிரைவர் கதவைத் திறந்து தூணோரம் பார்த்தார். ஆயில் மாற்றும்போது ஒட்டும் ஸ்டிக்கர் அங்கே பாதி கிழிந்த நிலையில் இருந்தது. அடுத்த சர்வீஸ் 97,000 என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது.

விற்பனையாளரிடம் கேட்டோம். "எங்ககிட்ட வரும்போதே மீட்டர் இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றார். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு எடுத்துத் தர முடியுமா என்றோம். ஓனர் ஊரில் இல்லை என்று பதில் வந்தது. அவர் ஊருக்கு வந்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தோம்.

மீட்டரைத் திருப்புவதற்கு இன்று பெரிய வேலை ஏதும் இல்லை. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகி எண்ணை மாற்றிவிடலாம். அல்லது மீட்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெமரி சிப்பில் புது எண்ணை எழுதிவிடலாம். பணம் கூடுதலாகப் போவதோடு இந்த ஏமாற்று நிற்பதில்லை. 48,000 ஓடிய வண்டி என்று நம்பி வாங்குகிறவர், ஒரு லட்சம் கிலோமீட்டரை ஒட்டிச் செய்ய வேண்டிய கிளட்ச், சஸ்பென்ஷன், டைமிங் பெல்ட் வேலைகளை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவார். பல இன்ஜின்களில் ஓட்டத்தின் நடுவே டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி இன்ஜினே பாழாகும். அது நெடுஞ்சாலையில், குடும்பத்தோடு போகும்போது நடக்கலாம்.

வாசனை அடித்த செடான்

அதே சாலையில் இன்னொரு இடம். 2018-ஆம் ஆண்டு சாம்பல் நிற செடான். மற்ற இடங்களில் கேட்ட விலையைவிட ஒரு லட்சம் குறைவு. கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. சீட் கவர் புதுசு, தரையில் விரித்த மேட்டும் புதுசு.

அண்ணன் டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். எல்லோரும் இழுக்கும் அளவோடு விடாமல் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டு கிடந்த பகுதியில் பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு தெரிந்தது. சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால், அதன் குழியின் மூலையில் காய்ந்த சேறு. "கழுத்தளவு குளிச்ச வண்டி" என்று காதோடு சொன்னார்.

சென்னையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் கார்கள் தண்ணீரில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். காப்பீட்டில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் ரிப்பேர் செலவு ஆகுமானால் அந்த வண்டியை முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். உரிமையாளருக்குப் பணம் போய்விடும், வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் அதைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றால் யாருக்கும் கேடில்லை. உலர்த்தி, மேலே மெருகேற்றி, ஆர்.சி. உயிரோடு இருப்பதால் நல்ல வண்டி என்று விற்கும்போதுதான் கேடு வருகிறது.

ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியருக்குப் பக்கத்தில், தரையை ஒட்டியே இருக்கும். வெள்ளம் உள்ளே வந்தால் முதலில் நனைவதில் அதுவும் ஒன்று. ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்து, மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பழுது காட்டும். மோதும் நேரத்தில் ஏர்பேக் விரியுமா என்பதை வெளியிலிருந்து பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. நடக்க முடியாத ஒரு பெரியவரை உட்காரவைக்கப்போகும் வண்டி என்று எங்கள் வாயால் சொன்ன பிறகும், அந்தச் செடானைத்தான் எங்களிடம் தள்ளப் பார்த்தார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அங்கேயே வெளிமாநில எண்ணோடு ஒரு டீசல் வண்டியும் நின்றது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தடை விதித்ததிலிருந்து, அங்கே விலை விழுந்த கார்கள் தெற்கே வரத் தொடங்கின. சொல்லும் விலை மலிவுதான். ஆனால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய ஆயுள் வரி, மறுபதிவு எல்லாம் வாங்குகிறவர் தலையில் விழும். அதைக் கூட்டிப் பார்த்ததும் மலிவு மறைந்துவிட்டது.

கையெழுத்து மட்டும் போட்ட ஃபாரம்

மேடவாக்கத்தில் ஒரு புரோக்கர் கூப்பிட்டிருந்தார். "டாக்டர் வண்டி சார், வீட்லயே நிக்குது." வண்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்த்தோம். நீலப்புகை இல்லை. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் போன்ற படிவமும் இல்லை, அதனால் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. கியர் சுலபமாக விழுந்தது. அண்ணனே தலையாட்டினார்.

ஆர்.சி. அட்டையை வாங்கிப் பார்த்தேன். உரிமையாளர் வரிசை எண் 3 என்று இருந்தது. அரசின் பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. அட்டையில் பெயர் உள்ளவர் எங்கே என்று கேட்டோம். அவர் வரத் தேவையில்லை என்று சொல்லி, புரோக்கர் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29-ஐயும் ஃபாரம் 30-ஐயும் எடுத்தார். விற்பவர் கையெழுத்து மட்டும் இருந்தது. தேதி, வாங்குபவர் பெயர், முகவரி எல்லாம் வெறுமை. "இப்போ அம்பதாயிரம் டோக்கன் குடுங்க, பேங்க் என்.ஓ.சி. ரெண்டு வாரத்துல வந்துடும்."

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் ஃபாரம் 35-உம் வங்கியின் என்.ஓ.சி.யும் கொடுத்து அடமானக் குறிப்பை நீக்காமல் எதுவும் சுத்தமாகாது. விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியும் பெயர் மட்டும் மாறாமல் இருந்தது. காரை விற்று நிம்மதியாக இருக்கும் ஒருவர், யாரோ ஓட்டிய விபத்துக்கு நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

பழைய வண்டி விற்பவர்களுக்கென்றே 2023 ஏப்ரல் 1 முதல் விதிகளும் வந்துவிட்டன. வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். உரிமையாளர் தன் வண்டியை வியாபாரியிடம் ஒப்படைத்ததை இணையத்தில் அறிவிக்க வேண்டும். அந்தச் சான்று இருக்கிறதா என்று நாங்கள் போன இடங்களில் கேட்டோம். எடுத்துக் காட்ட ஒருவரும் முன்வரவில்லை. மேடவாக்கத்து வண்டியை விட்டுவிட்டு வந்தது எங்களுக்கு அதிக வருத்தம், ஏனென்றால் வண்டியில் குறை இல்லை, காகிதத்தில்தான் குறை.

பச்சை டிக் போட்ட அறிக்கை

இவ்வளவுக்குப் பிறகு, ஆய்வு செய்து உத்தரவாதத்தோடு விற்கும் ஒரு பெரிய நிறுவனத்திடம் போனோம். வணிக வளாகத்தின் அடித்தள நிறுத்தத்தில் கார்கள் வரிசையாக நின்றன. குளிர்சாதன அறை, காபி, கணினித் திரையில் பல பக்க அறிக்கை. அதில் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். பெயர் மாற்றத்தை அவர்களே செய்து தருவார்கள் என்பது நல்ல விஷயம். சாலையோர வியாபாரத்தில் கிடைக்காத நிம்மதி அது.

அண்ணன் பானட்டில் கை வைத்தார். சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் கேட்கும் சத்தம் சூடான இன்ஜினில் அடங்கிவிடும், அதனால் ஸ்டார்ட் செய்து பார்ப்பதில் பயன் இல்லாமல் போனது. பெயின்ட் அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். இடப்பக்கம் முழுக்க 100 மைக்ரானைச் சுற்றியே இருந்தது, கம்பெனி பெயின்ட்டுக்கு அது இயல்பு. வலப்பக்கப் பின்கதவிலும் அதை ஒட்டிய தூணிலும் 400-ஐத் தாண்டியது. பட்டி போட்டு டிங்கரிங் செய்திருக்கிறார்கள். கதவு மட்டும் என்றால் பரவாயில்லை, அதைக் கழற்றி மாற்றலாம். தூண் வண்டியின் எலும்பு. பக்கவாட்டில் இடிபட்டால் உள்ளே இருப்பவரைக் காப்பது அதுதான்.

அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கிருந்த இளைஞர் மரியாதையாகப் பேசினார். "பாடி சரிபண்ணியிருந்தா காஸ்மெடிக்னு போட்டுடுவாங்க சார், ஸ்ட்ரக்சர்னு எங்க லிஸ்ட்ல வரலை" என்றார். கடைசிப் பக்கத்தில், ஆய்வு வெளிப்பார்வைக்கு உட்பட்டது என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுத்ததும் வளாகத்தைச் சுற்றி ஒரு வட்டம்தான். சாலையில் வேகமெடுத்து, பிரேக் போட்டு, மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்காமல் ஒரு காரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

உண்மை இருக்கிறது, கைக்கு எட்டவில்லை

தங்கை இன்னும் கார் வாங்கவில்லை. பெரியவர் வாடகைக் காரில் போய்வருகிறார். எங்களோடு அண்ணன் வந்தார், அதனால் தப்பித்தோம். அப்படி ஓர் ஆள் துணைக்கு இல்லாதவர்கள்தான் இந்தச் சந்தைக்கு அதிகம் வருகிறார்கள். முதல் காரை வாங்கும் குடும்பம் பெரும்பாலும் பழைய காரைத்தான் வாங்குகிறது. வண்டி பழசாக இருப்பதில் அவர்களுக்குக் குறை இல்லை. கிளட்ச் போயிருக்கிறது, கதவில் பெயின்ட் அடித்தது என்று சொல்லிவிட்டால் அதற்கேற்ற விலை கொடுத்துச் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். மறைப்பதால்தான் அவர்கள் சேமிப்பும் போகிறது, உயிருக்கும் ஆபத்து வருகிறது.

இந்த உண்மைகள் எங்கேயும் தொலைந்துபோகவில்லை. சர்வீஸ் சென்டரின் கணினியில் ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. எப்போது மோதியது, எப்போது மூழ்கியது என்பது காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. பரிவாகன் செயலியில் கடன் தெரிகிறது, காப்பீடு எதுவரை என்பது தெரிகிறது. ஓடிய தூரமும் விபத்து வரலாறும் மட்டும் தெரிவதில்லை. பிரிட்டனில் வண்டி எண்ணைக் கொடுத்தால், ஆண்டுச் சோதனைகளில் பதிவான மைல் கணக்கை அரசு இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நம் நாட்டில் சொந்தக் காருக்கு 15 ஆண்டு வரை அப்படி ஒரு சோதனை கிடையாது. ஆனால் புகைச் சான்றுக்காக வருடத்துக்கு ஒருமுறையாவது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தத்தான் செய்கிறோம். அங்கேயே மீட்டர் எண்ணையும் குறித்துச் செயலியில் ஏற்றினால், அடுத்த வருடம் அந்த எண் குறைந்திருப்பதை ஊரே பார்க்கும். முழு இழப்பாகக் கணக்கிட்ட வண்டி என்ற குறிப்பையும் அதே இடத்தில் சேர்க்க வேண்டும்.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், ஓர் அரசாணை போதும். அது வரும்வரை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சொல்லாமல் காலையிலேயே போங்கள், குளிர்ந்த இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் டோக்கன்கூடக் கொடுக்காதீர்கள். சர்வீஸ் ரெக்கார்டு தர மறுக்கும் வண்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிட்டு வாருங்கள்.