எறங்கச் சொன்னாங்களா?

எங்க ஊரில் சேரிக்காரன் சைக்கிள் வாங்கலாம். அதற்குத் தடையில்லை. ஊர்த்தெருவில் ஓட்டக்கூடாது, அவ்வளவுதான். மாரியம்மன் கோயில் முக்கு வந்ததும் இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பால் சொசைட்டி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அதற்கப்புறம் ஏறிக்கொள்ளலாம். பஸ் ரோட்டுக்குப் போக வேறு வழி கிடையாது.

எங்கப்பா செங்கல் சூளையில் ரெண்டு பருவம் உழைத்த காசில், மதுராந்தகத்தில் ஒரு வாத்தியாரிடமிருந்து பழைய ராலே சைக்கிள் வாங்கியிருந்தார். அந்த முக்கில் எத்தனை ஆயிரம் தடவை இறங்கியிருப்பாரோ, வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 1997-இல் எனக்கு ஏழு வயது. காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கேரியரில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். முக்கு வந்ததும் அவர் இறங்கித் தள்ளினார், என்னை இறக்கவில்லை. திண்ணையில் இருந்த ஓர் ஆள், அப்பாவைவிடப் பத்து வயது சின்னவன் இருப்பான், "ஏண்டா, உன் புள்ள என்ன கலெக்டரா? அவனையும் எறக்கு" என்றான். அப்பா என்னை இறக்கினார். அந்தத் தெரு முழுக்க நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இப்போது எங்க பையன்கள் அதே தெருவில் பைக்கில் பறக்கிறார்கள். அதற்கு ரெண்டு போலீஸ் கேசும் ஒரு மண்டை உடைப்பும் தேவைப்பட்டன. அது தனிக் கதை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2024 ஜூன் மாதம் நான் பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ குரோட்ஸ் வரைக்கும் தனியாகச் சைக்கிளில் போனேன். கார் ரோட்டுக் கணக்கில் 874 மைல். சந்து பொந்தெல்லாம் நுழைந்து போனதில் எனக்கு ஆயிரம் மைலுக்கு மேல் ஆகிவிட்டது. 26 நாள். உதவித்தொகையில் ஓராண்டுப் படிப்புக்குப் போயிருந்தேன். வகுப்புகள் முடிந்ததும், மிச்சம் பிடித்த காசில் 120 பவுண்டு கொடுத்து ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். அங்கே இந்தப் பயணம் புதிதில்லை. ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுகிறோம் என்று வருஷா வருஷம் போகிறார்கள். "நீ எதற்காகப் போகிறாய்?" என்று வழியெல்லாம் கேட்டார்கள். சொல்லத் தெரியாமல் சிரித்துவைத்தேன். கோயில் முக்கு, பால் சொசைட்டி என்றால் அவர்களுக்கு என்ன புரியும்?

அப்பா தினம் ராத்திரி போனில் கேட்டது ஒரே கேள்விதான். "எங்கியாச்சும் எறங்கச் சொன்னாங்களாடா?"

லேண்ட்ஸ் எண்டுக்குப் போகுமுன் பென்சான்ஸ் பக்கத்தில் ஓர் இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பெயர் திரமென்ஹீர். செங்கல்பட்டு ஜில்லாக்காரர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்க ஜில்லா கலெக்டராக இருந்து, பறையர்களின் நிலைமை பற்றி 1891-இல் அறிக்கை கொடுத்தாரே, அவர் பெயர். அதன் பிறகு 1892-இல் வந்த அரசாணையால்தான் நமக்குப் பஞ்சமி நிலம் என்று ஒன்று உண்டானது. அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். பெயர் இங்கே கார்ன்வாலில் ஒரு மேட்டுநிலத்தின் பெயர். இப்போது சிற்பத் தோட்டம் வைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். மேட்டில் நின்றால் கடலும் செயின்ட் மைக்கேல்ஸ் மவுன்ட் கோட்டையும் தெரிகின்றன. தோட்டத்தில் இருந்த ஒரு பெண்மணியிடம், "இந்தப் பெயருள்ள ஒருத்தரால் எங்க ஜனங்களுக்கு நிலம் கிடைத்தது, பிறகு பறிபோனது" என்றேன். "அப்படியா, சந்தோஷம்" என்றார். பாதிதான் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

கார்ன்வால் ஏற்றங்கள் ஆளைக் கொன்றுவிடும். மேடு, பள்ளம், உடனே மேடு. மூன்றாம் நாள், ரோடு வேலை நடந்த ஒரு பாலத்தருகே சிவப்புப் பலகை வைத்திருந்தார்கள். வெள்ளை எழுத்தில் ரெண்டே வார்த்தை: சைக்கிள்காரர்கள் இறங்கவும்.

கால் தானாகத் தரையில் ஊன்றிவிட்டது. உடம்பு சில்லிட்டது. செருப்பைக் கழற்றக் கை போனதா என்றால், போனது. ஷூ போட்டிருந்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மணியடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓட்டிப்போனார். அந்த நாட்டில் அந்தப் பலகையை முக்கால்வாசிப் பேர் மதிப்பதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இறங்கச் சொன்னால் இறங்காமல் போகிற தைரியம் சிலருக்குப் பிறவியிலேயே வருகிறது.

பிரிஸ்டலில் மியூசியத்தில் எட்வர்ட் கோல்ஸ்டன் சிலையைப் பார்த்தேன். அடிமை வியாபாரத்தில் சம்பாதித்தவன். 2020 ஜூன் 7-இல் ஜனங்கள் கயிறு கட்டிக் கவிழ்த்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். வெளியே எடுத்தவர்கள் அதை நிமிர்த்தி வைக்கவில்லை. உடம்பெல்லாம் பெயின்ட்டோடு மல்லாந்து கிடக்கிறது. நான் ரொம்ப நேரம் நின்றேன். இதே ஊரில் 1963-இல் பஸ் கம்பெனி கறுப்பர்களையும் நம்ம பக்கத்து ஆட்களையும் டிரைவராக, கண்டக்டராக வைக்கமாட்டோம் என்றது. பால் ஸ்டீபன்சன் முதலானோர் பஸ்ஸில் ஏறாதீர்கள் என்று அறிவித்தார்கள். நாலு மாதத்தில் கம்பெனி பணிந்தது. அங்கே ஏறாமல் இருந்து ஜெயித்தார்கள். 1965-இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது.

வழியை விட்டு விலகிக் காவென்ட்ரி போனேன். ரெண்டு சக்கரமும் ஏறக்குறைய சமமாக, பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு, இன்று நாம் ஓட்டுகிற வடிவில் 1885-இல் ஸ்டார்லி சைக்கிள் செய்த ஊர் அது. என் அப்பாவை இறங்க வைத்த வண்டிக்குத் தாத்தா. பிறகு பர்மிங்காமிலிருந்து கால்வாய்க் கரையோரமாகவே வுல்வர்ஹாம்டன் வரைக்கும் ஓட்டலாம், மேடே கிடையாது. நடுவில் ஸ்மெதிக். கறுப்பருக்கும் இந்தியருக்கும் வீடு போகக்கூடாது என்று வெள்ளைக்காரர்கள் மல்லுக்கட்டிய மார்ஷல் தெரு அங்கேதான் இருக்கிறது. 1965 பிப்ரவரியில் மால்கம் எக்ஸ் அந்தத் தெருவில் வந்து நடந்தார். ஒன்பது நாளில் நியூயார்க்கில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

வுல்வர்ஹாம்டன் புத்த விகாரையில் நம்ம அம்பேத்கர் இருக்கிறார். பஞ்சாபிலிருந்து வந்து இரும்பு வார்ப்பாலைகளில் வெந்தவர்கள் கட்டிக் காக்கும் இடம். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் எனக்குச் சப்பாத்தி போட்டுக்கொடுத்து, "வெள்ளைக்காரன் என் நிறத்தைப் பார்த்துத் திட்டினான். பக்கத்தில் நின்று வேலை செய்த நம்ம ஊர்க்காரன் என் தண்ணீர்க் குவளையைத் தொடவில்லை" என்றார். 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்க்கலாம் என்றார்கள். 2013-இல் சேர்த்தே ஆக வேண்டும் என்று பாராளுமன்றம் சொன்னது. 2018-இல் அரசாங்கம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், தனியாகச் சேர்க்கத் தேவையில்லை என்று கைகழுவிவிட்டது. தீர்ப்பு என்றால், பெர்மிலா திர்க்கி வழக்குதான். பீகாரிலிருந்து கூட்டிவந்து வீட்டு வேலைக்கு வைத்திருந்த பெண். 2015-இல் அவருக்குச் சேரவேண்டிய கூலிப் பாக்கி 1,83,773 பவுண்டு என்று தீர்ப்பாயம் சொன்னது. "எல்லோருக்கும் ஒரு திர்க்கியின் துணிச்சல் வருமா?" என்றார் பெரியவர்.

அதைத் தாண்டி ஷ்ராப்ஷரில் ஒரு வயல்வழி. எதிரே வந்த விவசாயி கையைக் காட்டி நிறுத்தினார். "இது நடைபாதை. இங்கே நடக்கத்தான் உரிமை, ஓட்ட இல்லை" என்றார். மஞ்சள் அம்புக்குறி என்றால் நடைபாதை, நீல அம்புக்குறி என்றால் குதிரைப்பாதை. குதிரைப்பாதையில் சைக்கிள் போகலாம் என்று 1968-லேயே சட்டமாம். நான் நிறம் பார்க்காமல் நுழைந்திருந்தேன். இறங்கினேன். அன்று ராத்திரி, "ஒருத்தர் எறக்கிட்டார்ப்பா" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "உன்ன மட்டுமா, எல்லாரையுமா?"

"எல்லாரையுந்தான்."

"அப்ப செரி" என்றார். 

மூன்று வருஷம் கூட்டம் போட்டு நாங்கள் பேசிய சமத்துவத்தை எங்கப்பா ரெண்டு வார்த்தையில் கேட்டுவிட்டார்.

அதற்கு நாலாம் நாள், வடக்கே ஒரு நகரத்தில், நண்பரின் நண்பர் என்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் தங்க ஏற்பாடு. ரெண்டு ராத்திரி. பத்து நாளாகச் சோறு தின்னாதவனுக்கு ரசமும் அப்பளமும். அந்த அம்மா, "தம்பி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று உபசரித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் அவர் கேட்டார். "செங்கல்பட்டுல எங்க? ஓ, அந்த ஊரா! நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே. நீங்க ஊர்ல எந்தத் தெரு?"

பொய் சொல்லியிருக்கலாம். பால் சொசைட்டித் தெரு என்று வாய்வரை வந்தது. "காலனிங்க" என்றேன்.

"ஓ, அப்படியா. ரொம்ப நல்லா படிச்சிருக்கீங்களே" என்றார்.

காலையில் அவர்கள் பீங்கான் கோப்பையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேப்பர் கப்பில் வந்தது. ராத்திரி நான் சாப்பிட்ட தட்டு கழுவும் தொட்டியில் தனியாகச் சாய்த்து வைத்திருந்தது. "லண்டன்ல இருந்து திடீர்னு அத்தை வர்றாங்க, ரூம் வேணும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. சரியாகத்தான் நினைத்தேன். மழையில் கிளம்பினேன். ஷாப் மேடு ஏறும்போது பற்கள் கிட்டிப்போயின.

"எறங்கச் சொன்னாங்களா?"

"இல்லப்பா. தமிழ் வீட்ல தங்குனேன். ரசம், அப்பளம். நல்லா கவனிச்சாங்க."

இயக்கத்தில் இருக்கிறவன், மேடையில் கத்துகிறவன். அப்பாவிடம் அதைச் சொல்ல வரவில்லை.

ஸ்காட்லாந்தில் கதை வேறு. 2003 சட்டப்படி, யாருடைய நிலமானாலும் பயிரையும் வீட்டு முற்றத்தையும் தொந்தரவு செய்யாமல் நடந்தோ சைக்கிளிலோ போகலாம். டிரமோக்டர் கணவாயில் எதிர்க்காற்று ஒன்றுதான் என்னை இறக்கியது. வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு. பத்து மைலுக்கு ஒரு வீடு. அழகு என்று எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். ஜனங்களைத் துரத்திவிட்டு ஆடு மேய்த்ததால் வந்த அழகு. 1814-லும் 1819-லும் சதர்லாந்து சீமாட்டியின் ஆட்கள் வந்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். பாட்ரிக் செல்லர் என்ற ஏஜென்ட் மீது 1816-இல் கேஸ் நடந்தது. விடுதலை. நமக்குப் பழகிய தீர்ப்பு. ராசல் என்ற கிராமத்தில் பிறந்த டொனால்டு மெக்ளவுட், கல்தச்சர், எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். பின்னாளில் பத்திரிகைக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். நம்ம மாதிரி ஆள்.

ராசல் இருந்த இடத்துக்கு மேலே ஏறிப் போக வேண்டும். ஓட்டியே போயிருக்கலாம். யாரும் இல்லை, பலகையும் இல்லை. நான் இறங்கி, சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு நடந்துபோனேன். முழங்கால் உயரத்துக்குச் சுவர்க் கற்கள், மேலே புல். மிட்ஜ் என்கிற பூச்சி காதிலும் மூக்கிலும் மொய்த்தது. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

ரெண்டு நாள் கழித்து ஜான் ஓ குரோட்ஸ். ஒரு திசைகாட்டிக் கம்பம், ஒரு கடை, கடல். அப்பாவுக்குப் போன் போட்டேன். அன்று அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

"அந்தத் தமிழ் வீட்டுக்காரங்க நம்பர் வெச்சிருக்கியா? புள்ளைக்குச் சோறு போட்டிருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

"மழைல நனைஞ்சு அழிஞ்சுபோச்சுப்பா" என்றேன்.