செங்கப்பள்ளியில் நின்ற மூன்று லாரிகள்

கோவையிலிருந்து சேலம் போகும் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நீலாம்பூர், கருமத்தம்பட்டி, அவினாசி, பெருமாநல்லூர் என்று ஊர்கள் வரிசையாக ஓடும். செங்கப்பள்ளி வரும்போது மட்டும் யாராவது ஒருவர், "இங்கதானே அந்தக் கன்டெய்னரைப் புடிச்சாங்க?" என்று கேட்டுவிடுவார். அப்புறம் பெருந்துறை வரை அதே பேச்சுதான். இந்த முறை நான் செங்கப்பள்ளியிலேயே இறங்கிவிட்டேன்.

2016 மே மாதம். சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் 2 நாள்தான் பாக்கி. 13-ம் தேதி நள்ளிரவு தாண்டி, பெருமாநல்லூர் பக்கம் வாகனச் சோதனையில் இருந்த பறக்கும் படை, 3 கன்டெய்னர் லாரிகளையும் கூடவே வந்த கார்களையும் நிறுத்தச் சொன்னது. வண்டிகள் நிற்கவில்லை. துரத்திப்போய் செங்கப்பள்ளி அருகே மடக்கினார்கள். உள்ளே 570 கோடி ரூபாய்!

பணம் கிடைத்துவிட்டது. ஆனால் அது பற்றிய பேச்சுகள்தான் ஒத்துப்போகவில்லை. காரில் வந்தவர்கள், தாங்கள் ஆந்திர போலீஸ் என்றார்கள். சீருடையில் இல்லை. ஏன் நிற்கவில்லை என்றதற்கு, கொள்ளையர்கள் துரத்துவதாக நினைத்துவிட்டோம் என்றார்கள். மறித்தவர்களோ, நாங்கள் அதிகாரிகள், கையைக் காட்டியும் போனது அவர்கள்தான் என்றார்கள். ஒரே இருட்டு, ஒரே சாலை. இரண்டு பக்கமும் எதிரே வந்தவரைத் திருடன் என்றே நினைத்திருக்கிறது!

பணம் எங்களுடையது, கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்றது பாரத ஸ்டேட் வங்கி. திருப்பூர் கலெக்டர் அலுவலக வளாகத்தில் காவலோடு நின்ற லாரிகள், சரிபார்ப்புக்குப் பிறகு வங்கியிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆனாலும் அசல் ஆவணம் கையில் இல்லாதது ஏன், வண்டி எண்கள் பொருந்துகின்றனவா என்றெல்லாம் கேள்விகள் கிளம்பின. தி.மு.க. உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முதற்கட்ட விசாரணை நடத்தும்படி சி.பி.ஐ.க்கு உத்தரவானது.

டீக்கடை அண்ணனிடம் கேட்டேன். "விடியக்காலை கடை தொறக்க வந்தப்பவே ஊரெல்லாம் இதே பேச்சுங்க தம்பி. நாலு லாரின்னாங்க" என்றார். பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் விடவில்லை. "ஏனுங்க, மூணுதானுங்க. பேப்பர்ல போட்டிருந்தானே!" இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் காதில் விழுந்ததைச் சொல்கிறார், இன்னொருவர் படித்ததைச் சொல்கிறார். வருஷம் போகப் போக இரண்டுமே "நான் பார்த்தேன்" ஆகிவிடும்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. 1971-ல் அமெரிக்காவில் டேன் கூப்பர் என்று பெயர் சொன்ன ஒருவன், விமானத்தைக் கடத்தி 2 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு பாராசூட்டில் குதித்தான். 1980-ல் கொலம்பியா ஆற்று மணலில் 8 வயதுச் சிறுவன் கையில் 5,800 டாலர் அகப்பட்டது. நோட்டு எண்கள் சரியாக இருந்தன. ஆனால் நோட்டுத் துணுக்குகள் மேலாக இருந்தனவா, ஆழத்தில் இருந்தனவா என்பதில் தோண்டியவர்களின் நினைவுகள் மாறுபட்டன. மீதிப் பணமும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 2016-ல் எஃப்.பி.ஐ. அந்த வழக்கைத் தீவிரமாகத் தேடுவதை நிறுத்திக்கொண்டது.

பெரியவர் எழுந்து போகும்போது சொன்னதுதான் மனசில் தைத்தது. "மாடு வித்த காசுக்கே சீட்டு கேக்கறாங்க கண்ணு. 570 கோடிக்கும் சீட்டு கையில இருந்திருந்தா இத்தனை பேச்சு வந்திருக்குமா?"

உண்மைதானே. தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் கொண்டுபோனால் பறிமுதல். ஈரோட்டு மஞ்சள் வியாபாரியும், கண்ணபுரம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவரும் அந்த பயத்தோடுதான் பை சுமக்கிறார்கள். அதே தேர்தலில், பணப் பட்டுவாடா புகாரால் பக்கத்து மாவட்டத்து அரவக்குறிச்சியில் வாக்குப்பதிவே தள்ளிப்போனது. அப்படிப்பட்ட நேரத்தில் நடுராத்திரி லாரியைப் பார்த்து ஜனங்கள் சந்தேகப்பட்டதைத் தப்பென்று சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் அவினாசி கோயிலில் இறங்கினேன். முதலை விழுங்கிய பிள்ளையை, சுந்தரர் பாடிப் பல வருஷம் கழித்து மீட்டுக் கொடுத்த தலம். விழுங்கியதை முதலை முழுசாகத் திருப்பிக் கொடுத்ததாம், அதுவும் வளர்ந்த பிள்ளையாக!

செங்கப்பள்ளியில் பணமும் முழுசாகத் திரும்பிப் போய்விட்டது. ஊர்க்காரர்களின் கேள்விதான் இன்னும் அந்த டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ஒரு டீ குடித்துவிட்டு, எத்தனை லாரி என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள்.